பார்க்காமல் வைத்த ஊர்

செப்டம்பர் 15, ஞாயிறு

வந்து சேர்ந்துவிட்டேன். இது பொலோனியா, இத்தாலி. விமான நிலையத்திலிருந்து அறைவரைக்கும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு வாந்தி வருகிறதென்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல இத்தாலியன் தெரியாததால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏன் கண்ணை மூடினேன் என்பது கோமதிசங்கருக்குத் தெரியும். இந்த நோட்டே அவன் வந்து படிப்பதற்காகத்தான். இருந்தாலும் முறையாக எழுதிவைக்கிறேன், நாளைக்குச் சண்டை வந்தால் சாட்சிக்கு வேண்டும்.

அவனும் நானும் திருநெல்வேலியில் ஒரே வகுப்பில் சிவில் படித்தோம். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் மேற்படிப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பித்தோம், இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. எனக்கு விசா வந்தது. அவனுக்கு மறுத்துவிட்டார்கள். திரும்ப விண்ணப்பித்திருக்கிறான். அக்டோபர் 31 வரை வந்து சேரலாம் என்று விதி இருக்கிறது, வந்துவிடுவான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சங்கரன்கோவிலிலிருந்து தென்காசிக்கு வந்தான். கோபுர வாசலில் நின்றோம். அங்கே அடிக்கிற காற்றில் என் துப்பட்டா அவன் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்காமலே சொன்னான்: "உலகு, அங்க போய் ஊரைப் பாத்துராத. ரெண்டு பேரும் சேந்து பாப்போம். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். உலகம்மை சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான். பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை இனிப்பைத் தொடமாட்டேன் என்று சொல்லி, சொந்த அக்கா கல்யாணத்தில் லட்டைத் தொடாத கழுதை நான்.

பிறகு, அவன் தனக்கென்று வாங்கி வைத்திருந்த குளிர்ச்சட்டையைக் கொடுத்தான். கருநீலம், எனக்கு முழங்கால் வரைக்கும் வருகிறது. "நீ போட்டுக்கோ. நான் வரும்போது வேற வாங்கிக்கிடுதேன்" என்றான். எவ்வளவு பிரியம் பாருங்கள். (யாரைப் பார்க்கச் சொல்கிறேன்? படிக்கப்போவது அவனேதான்.)

விதிகளை விமானத்திலேயே வகுத்துவிட்டேன். வகுப்பறையைப் பார்க்கலாம், அது படிப்பு. காய்கறிக் கடையைப் பார்க்கலாம், அது வயிறு. மற்றபடி தெருவில் கண் முழங்காலுக்கு மேலே போகக் கூடாது.

செப்டம்பர் 16, திங்கள்

அறைத்தோழி பெயர் தர்ஷிகா. தாய் தகப்பன் யாழ்ப்பாணம், இவள் பிறந்து வளர்ந்தது இத்தாலியிலேயே தெற்கே பலெர்மோ. மருந்தியல் படிக்கிறாள். இத்தாலியனைத் தண்ணீராகப் பேசிவிட்டு என்னிடம் திரும்பி யாழ்ப்பாணத் தமிழ் பேசும்போது, வானொலியில் யாரோ நிலையத்தை மாற்றியது மாதிரி இருக்கிறது.

"வா, ஊரைச் சுத்திக் காட்டுறன்" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நேத்திக்கடன் வச்சா வச்சதுதான்" என்றாள். "எங்கட அம்மா பலெர்மோவில ரோசாலியா மாதாட மலையில வெறுங்காலோட ஏறுறவ. ஆனா அவ மாதாவுக்கு நேர்ந்தவ. நீ ஒரு பெடியனுக்கு நேர்ந்திருக்கிறாய். பாத்துக்கொள்."

செப்டம்பர் 24, செவ்வாய்

தரையை வைத்தே ஒரு ஊரைக் கற்றுக்கொள்ள முடியும் என்று தெரிந்துகொண்டேன். இங்கே தெருவெல்லாம் இரண்டு பக்கமும் தூண் வைத்து, மேலே கூரை போட்ட நடைபாதை. போர்த்திகோ என்கிறார்கள். மழை பெய்தாலும் நனையாமல் ஊரையே சுற்றலாமாம். எனக்கு என்ன வசதி என்றால், கூரைக்குக் கீழே குனிந்து போனால் வானம்கூடக் கண்ணில் படாது.

வீட்டு வாசலில் சிவப்புக் கல். பதினெட்டு எட்டுக்குப் பிறகு கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட தரை. காப்பி வாசனை வந்தால் இடது. தரை வழவழப்பாகி, நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அது பழைய தெரு. எத்தனை நூறு வருஷத்துக் காலோ. எங்கேயோ ஒரு மணி அடிக்கும், அதற்குப் பதிலாக இன்னொன்று சற்றுத் தாமதமாக அடிக்கும். தாமதமாக அடிக்கிற மணிக்குத்தான் குரல் நன்றாக இருக்கிறது.

கோமதி, நீ வந்ததும் தரையை நான் சொல்லித்தருகிறேன். மேலே உள்ளதைச் சேர்ந்து பார்ப்போம்.

அக்டோபர் 4, வெள்ளி

ஊர்க்காவல் புனிதர் பெட்ரோனியோவின் திருநாள். ஊரே சதுக்கத்தில். நான் அறையில் ரசம் வைத்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கேட்டதில், நம் ஊர்க் கோயில் கொடைச் சத்தத்துக்குப் பாதிகூட இல்லை. பார்க்காதது ஒன்றும் பெரிய நஷ்டமில்லை.

ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

முதல் பயிற்சிக்கு மதிப்பெண் வந்தது. "உங்கள் தெருவில் உள்ள ஒரு போர்த்திகோத் தூணை வரைந்து வாருங்கள்" என்றிருந்தார் பேராசிரியர். நான் தூணின் அடிப்பாகத்தை அணு அணுவாக வரைந்திருந்தேன். விரிசல், ஈரம் ஏறிய கோடு, நாய் ஒன்றுக்குப் போன கறை எல்லாம்.

அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இந்தத் தூணுக்குத் தலை இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வகுப்பு சிரித்தது. பழைய கட்டடம் படிக்க வந்துவிட்டுப் பழைய கட்டடத்தைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லவா முடியும்? நவம்பர் 4-ஆம் தேதி மறுபடி வரைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே வாய்மொழித் தேர்வும். தலை இல்லாவிட்டால் தேறமுடியாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அவன் வந்துவிடுவான், தலையைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 17, வியாழன்

பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு நல்ல அம்மாள் இருக்கிறாள், கழுத்தில் கண்ணாடி தொங்கும். விசா மறுத்த கடிதத்தைக் கொண்டுவந்தால், அவனுக்காகத் தூதரகத்துக்கு எழுதுகிறேன் என்றாள். ஓடிவந்து அவனைக் கூப்பிட்டேன்.

"அது சென்னைல ஏஜெண்டுகிட்ட இருக்கு உலகு. அனுப்பச் சொல்லுதேன்."

"போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லேன், ரெண்டு நிமிசம்தான?"

"சொல்லுதேன்லா."

குரல் களைத்திருந்தது. பாவம், என்ன அலைச்சலோ.

அக்டோபர் 22, செவ்வாய்

கடிதம் வரவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அங்கே மழை என்று அம்மா சொன்னாள். மழையில் டவர் கிடைக்காது.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. இன்றைக்கு இங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவைத்தார்கள், குளிர்காலத்துக்காக. ஊருக்கும் நமக்கும் நடுவில் மூன்றரை மணி இருந்தது நாலரை ஆகிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக.

அம்மா கூப்பிட்டாள். "ஏளா, எண்ணெய் தேச்சியா? சாப்ட்டியா?" எல்லாம் கேட்டுவிட்டு, வைக்கும்போது சொன்னாள்: "உங்கூடப் படிச்ச சங்கரங்கோயில் பையன் இருக்காம்லா, அவங்க பாத்திரக்கடை புதுசாத் தெறந்துருக்காங்க. சித்தி போயிருந்தா. பெரிய போர்டு, அந்தப் பையன் பேருதான் போட்டுருக்காம். வாசல்ல நின்னு அவன்தான் சந்தனம் குடுத்தானாம்."

"லீவுல இருக்காம்மா, உதவி பண்ணுதான்" என்றேன்.

"அப்படியா" என்றாள் அம்மா. அம்மா "அப்படியா" என்றால் அப்படி இல்லை என்று பொருள். போகட்டும்.

தர்ஷிகா எனக்காகப் பயத்தம் பணியாரம் செய்தாள். நான்கு தின்றேன்.

அக்டோபர் 30, புதன்

கழுத்துக் கண்ணாடி அம்மாளிடம் போனேன். கடிதம் இல்லாமலே ஏதாவது செய்யமுடியுமா என்று கேட்டேன். பெயரைத் தட்டிப் பார்த்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

அவன் இடம் வேண்டாமென்று தானே எழுதிக் கொடுத்திருப்பதாகக் காட்டுகிறது. தேதி ஜூலை 14.

கோபுர வாசலில் சத்தியம் பண்ணியது செப்டம்பர் 12.

கணினியில் ஏதோ தப்பு. வரும் வழியில் பால் வாங்கினேன். போர்வையுறை துவைத்தேன். தலையணையுறை துவைத்தேன். துவைத்ததையே இன்னொரு தடவை துவைத்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

அலுவலகத்தை ஐந்து மணிக்குச் சாத்திவிட்டார்கள்.

நவம்பர் 1, வெள்ளி

இன்று எழுத நிறைய இருக்கிறது. ஒழுங்காக எழுத வேண்டும்.

விடுமுறை. புனிதர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே திருநாள். காலையில் தர்ஷிகா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"முப்பத்தொண்டு முடிஞ்சுது" என்றாள்.

"ம்."

"ஆள் வரேல்லை."

"ம்."

"அப்ப என்ன, பட்டம் எடுக்குமட்டும் நிலத்தைப் பாத்துக்கொண்டே திரியப்போறியோ? திங்கட்கிழமை அந்தாளுக்குத் தூணின்ர தலையைக் காட்டோணும்."

"சத்தியம் பண்ணிருக்கேன் தர்ஷி."

"ஓம், அதுதான் சொல்லுறன். நேத்தியைச் சும்மா விடக்கூடாது, அவிழ்க்கோணும். வாயால சொல்லித்தான் அவிழ்க்கோணும், மனசுக்குள்ள அவிழ்த்தாச் செல்லாது. அதுக்கெண்டே இந்த ஊரில ஒரு இடம் இருக்கு. எழும்பு, கெதியா."

பனிமூட்டம். குளிர்ச்சட்டையின் கை நீண்டு விரலை மூடியது. வழக்கம்போலக் குனிந்தே போனேன். அவள் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். சிவப்புக் கல், கறுப்பு வெள்ளைக் கட்டம், காப்பி வாசனை. அதற்குப் பிறகு என் கால் அறியாத தரை வந்தது. காலடிச் சத்தம் மாறியது. மேலே ஏதோ உயரமாகக் கவிந்திருப்பதைக் காது சொன்னது.

"இது ஒரு வளைவு மண்டபம். நாலு மூலை" என்றாள். "அந்தக் காலத்தில தொத்து வியாதிக்காரர் கிட்ட வரக்கூடாதெண்டு, ஒரு மூலையில அவை சுவரைப் பாத்துப் பாவம் சொல்ல, சாமியார் எதிர் மூலையில நிண்டு கேப்பாராம். அப்பிடித்தான் சொல்லுகினம். நீ இதில நில். நான் அங்கால போறன். சுவருக்குச் சொல்லு."

நடுவில் சைக்கிள் போகிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள். இவ்வளவு சத்தத்தில் எப்படிக் கேட்கும்? சிவப்புச் செங்கலில் நெற்றியை வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. சொன்னேன்.

என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு சுவருக்குள்ளிருந்து, என் காதிலேயே வாயை வைத்த மாதிரி, தர்ஷிகாவின் குரல் வந்தது. "அப்ப அவன் குளிர்ச்சட்டையைத் தந்த அண்டைக்கே உனக்குத் தெரியும், என்ன? வாறவன் தன்ர சட்டையைக் குடுப்பானோ எண்டு அண்டைக்கே நினைச்சனி."

நான் சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன். தலையாட்டுவது சுவரில் போகாது என்று பிறகுதான் உறைத்தது. "ஆமா" என்றேன்.

"சரி. அவிண்டுது. இனி மேல பார்."

பார்த்தேன்.

மேலே வளைவுகள் ஒன்றையொன்று தாண்டிப் போய் ஒரு இடத்தில் கோத்துக்கொண்டிருந்தன. ஏழு வாரம் குனிந்த கழுத்து, நிமிர்ந்ததும் மளுக்கென்றது. வெளியே வந்தால், எம்மாடி! சதுக்கம். எங்கே பார்த்தாலும் செங்காவியும் மஞ்சளும். பனிக்குள்ளே கட்டடங்கள் பாதி கரைந்து நின்றன, நான் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. கனவில்தான் இப்படி வரும். கனவில் யாரும் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கமாட்டார்கள், இங்கே ஒருவர் கேட்டார்.

பெட்ரோனியோ கோயில் முகப்பு கீழ்ப்பாதி சலவைக்கல், மேல்பாதி வெறும் செங்கல். சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்ட மாதிரி. "ஏன் முடிக்கல?" என்றேன்.

"முடிக்கேல்லை, அவ்வளவுதான்" என்றாள் தர்ஷிகா. "அதுக்காக ஆரும் இடிக்கவும் இல்லை. வடிவாத்தானே நிக்குது."

பக்கத்தில் நெப்டியூன் நீரூற்று. கையில் சூலம், உடம்பில் நூல் கிடையாது. நம் ஊர்ப் பழக்கத்தில் நான் முகத்தைத் திருப்ப, "கூச்சப்படாதை, அது வெண்கலம்" என்றாள். பரீட்சைக்கு முன்னால் இங்கே மாணவர்கள் அவரை இரண்டு சுற்று சுற்றுவார்களாம். அவ்வளவுதானே? நமக்குச் சுற்றச் சொல்லியா தரவேண்டும்? செருப்பைக் கழற்றப்போனவள் குளிரை நினைத்து விட்டுவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு விறுவிறுவென்று ஒன்றரைச் சுற்று முடித்துவிட்டேன்.

"ஐயோ, மற்றப் பக்கமடி!" தர்ஷிகா கத்தினாள். "இடப்பக்கமாச் சுத்தோணும்!" படியில் உட்கார்ந்திருந்த மாணவர் கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

என் கால் மறுத்தது. உண்மையாகவே மறுத்தது. சாமியை வலம் வந்துதான் எங்களுக்குப் பழக்கம். இடமாகச் சுற்றுவது இழவு வீட்டில் மட்டும்தான். தாத்தா செத்தபோது எனக்கு ஒன்பது வயது. கையில் நெய்ப்பந்தத்தைக் கொடுத்து, பாடையை இடமாகச் சுற்றவிட்டார்கள். நான் வலமாகப் போக, பெரியப்பா தோளைப் பிடித்துத் திருப்பினார்.

தர்ஷிகாவும் இப்போது என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். சுற்றினேன். ஒன்று. இரண்டாவது சுற்றில் குளிர்ச்சட்டையின் நீளக் கை காற்றில் அடித்து அடித்து என் கையின் மேலேயே விழுந்தது. சுற்று முடிந்த இடத்தில் நின்றேன். பரீட்சைக்காகச் சுற்ற வந்தவள் வேறு எதற்கோ சுற்றி முடித்திருந்தேன். அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே அழுதேன். ஏழு வாரத்து அழுகை. கைதட்டிய பையன்களில் ஒருத்தன் பதறிப்போய்த் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தான். எனக்குப் பரீட்சை ரொம்பப் பயம் என்று தர்ஷிகா அவனுக்கு விளக்கினாள். நல்ல பெண்.

பிறகு பார்த்தேன், பார்த்தேன், அப்படிப் பார்த்தேன். ஒரு சந்தில், சுவரில் சின்னதாக ஒரு ஜன்னல் கதவு. "திற" என்றாள். திறந்தால் தண்ணீர்! வீடுகளின் முதுகுக்கு நடுவில் ஒரு வாய்க்கால் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது, பூந்தொட்டிகளையும் காயப்போட்ட வேட்டி போலிருந்த ஒரு விரிப்பையும் தலைகீழாகக் காட்டிக்கொண்டு. இந்தச் சந்தில் தினமும் தக்காளி வாங்கப் போகிறேன். ஜன்னலுக்குக் கீழே உள்ள கல்லில் ஒரு ஓரம் உடைந்திருக்கும், அது எனக்குத் தெரியும். தண்ணீர் தெரியாது. ஜன்னலை மூடினேன், மறுபடி திறந்தேன். இருந்தது.

தெருவோரத்தில் சுட்டு விற்ற கொட்டையைக் காகிதப் பொட்டலத்தில் வாங்கினோம். பனங்கிழங்குக்கும் சீனிக்கிழங்குக்கும் நடுவில் ஒரு ருசி. அதைத் தின்றுகொண்டே இரட்டைக் கோபுரத்தடிக்கு வந்தோம். ஒன்று குட்டை, குடித்தவன் மாதிரிச் சாய்ந்திருக்கிறது. மற்றது பனிக்குள் ஏறிப்போய்க் காணாமல் போயிருந்தது. அண்ணாந்து உச்சியைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மணி மூன்று. ஊரில் ஏழரை, கடையில் விளக்கு வைத்து முடித்திருப்பார்கள்.

"உலகு. என்ன சத்தமா இருக்கு? எங்க இருக்க?"

"ஊருக்குள்ள."

"பாத்துட்டியா?" என்றான்.

"பாத்துட்டேன். ஜூலை பதினாலையும் பாத்துட்டேன்."

அவனுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு பாத்திரம் விழுந்து சுழன்று நின்றது.

"அப்பா போர்டுல எம்பேரை எழுதிட்டாரு உலகு. பெயிண்ட் காஞ்ச பொறவுதான் எங்கிட்டக் காட்டுனாரு. என்னால மாட்டேன்னு சொல்ல முடியல."

"அவருகிட்ட முடியல, சரி. எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீ போயிருக்க மாட்ட."

"பொய். சொல்லிருந்தாலும் நான் போயிருப்பேன். அது ஒனக்கும் தெரியும்."

"தெரியும்" என்றான் மெதுவாக. "அதான் சொல்லல."

"பொறவு எதுக்குலே ஊரைப் பாக்காதன்னு சத்தியம் வாங்குன? ஏழு வாரம்! ஏழு வாரம் மாடு மாதிரித் தலையைத் தொங்கப்போட்டு நடந்துருக்கேன்!" நான் கத்தினதில் கோபுரத்தடிப் புறாக்கள் எழுந்தன. கோபுரத்தில் ஏற வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும்.

"நீ பாக்காம இருக்க வரைக்கும், நீ இன்னும் முழுசாப் போகலன்னு எனக்கு ஒரு நெனப்பு. காலைல கடை தெறக்கும்போது அதை நெனச்சுக்கிடுவேன். வேற ஒண்ணுமில்ல உலகு."

கோபம் போகவில்லை. ஆனால் கோபத்துக்குக் கீழே ஒன்று வலித்தது, அது அவனுக்காக வலித்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

"எப்படி இருக்கு ஊரு?" என்று கேட்டான்.

வாயைத் திறந்தேன். சுவருக்குள் கேட்ட குரல், ஜன்னலுக்குள் இருந்த தண்ணீர், பாதிச் சட்டை போட்ட கோயில், எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஏழு வாரமாக அவனுக்கென்று சேர்த்துவைத்த வாய்.

"வந்து பாத்துக்கோ" என்றேன். வைத்துவிட்டேன்.

"மேல போவோம்" என்று தர்ஷிகாவை இழுத்தேன். உச்சியில் ஏறி, அவன் பார்க்கக் கூடாதென்ற ஊர் மொத்தத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. ஐந்நூறுக்கு இரண்டு குறைவாகப் படிகளாம். வரிசையில் போய் நின்றும்விட்டேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கென்ன விசரோ? படிக்க வந்தவை இதில ஏறக்கூடாது! பட்டம் எடுக்க முதல் ஏறினாப் பட்டமே கிடையாது எண்டு இஞ்ச சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானே மூண்டு வருசமா ஏறேல்லை."

"எல்லாம் மூடநம்பிக்கை."

"ஓம். நிலத்தைப் பாத்துக்கொண்டு ஏழு கிழமை திரிஞ்ச ஆள் சொல்லுறா."

வரிசையிலேயே சிரித்துவிட்டேன். கண்ணில் நீரும் வந்தது, மூக்கிலும் வந்தது. அண்ணாந்து பார்த்தேன். உச்சி இன்னும் தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில் எங்கள் தெருவில் என் தூணுக்கு முன்னால் நின்று தலையைப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவில் ஒரு கல் முகம். மூக்கு தேய்ந்துபோய், கன்னம் உப்பி, சிரித்துக்கொண்டிருந்தது. நான் தினமும் இதற்குக் கீழே குனிந்து போயிருக்கிறேன். "நல்லாச் சிரி" என்றேன் தமிழிலேயே.

குளிர்ச்சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

நவம்பர் 4, திங்கள்

தூணைத் தலையோடு கொடுத்தேன். பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார். "மூக்கு எங்கே?" என்றார். "அதற்கே இல்லை, சார்" என்றேன். தேறிவிட்டேன்.

மத்தியானம் கோமதிசங்கர் செய்தி அனுப்பியிருந்தான். இந்த ஊர்க் கோபுரத்தை இணையத்தில் பார்த்திருக்கிறான்.

"கோபுரத்து மேல ஏறிப் பாத்தியா?"

"இல்ல" என்று போட்டேன்.

"ஏன்?"

"சத்தியம்."

உடனே படித்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பூவை அனுப்பினான், பிறகு இன்னொன்று. தென்காசியில் தனக்குப் பண்ணிய சத்தியம் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது; இது வரிசையை விட்டு வந்தபோது எனக்கு நானே பண்ணிக்கொண்டது. நினைத்துக்கொள்ளட்டும். காலையில் கடை திறக்கும்போது ஏதாவது ஒன்று வேண்டியிருக்கும்.

இந்த நோட்டை இனி அவனிடம் கொடுக்கப்போவதில்லை. பட்டம் வாங்குகிற அன்றைக்கு, ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு, நான் ஏறுவேன்.